ஃபெராரியோட ஃப்ளாட் 12 என்ஜின் ஏன் காணாமப் போச்சு?

மதுரை_பாண்டி:

வணக்கம். கொஞ்ச நாளா ராத்திரி முழுக்கப் பழைய எஃப்1 ரேஸ் வீடியோதான். அதுல 1975-லேருந்து 1980 வரைக்கும் ஓடுன ஃபெராரி 312டி வரிசைக் காருங்க மேல ஒரு கிறுக்கு. அதுல இருக்கிறது ஃப்ளாட் 12 என்ஜின். பக்கத்துக்கு ஆறு சிலிண்டர், ரெண்டு வரிசையும் தரையோட தரையா படுத்துக் கிடக்கும். சத்தம் இருக்கே, ஹெட்போன்ல கேட்டா மயிர்க்கூச்செறியும்.

சந்தேகம் என்னன்னா, என்ஜின் படுத்திருந்தா காரோட எடை கீழ இருக்கும். எடை கீழ இருந்தா வளைவுல நல்லது. இந்த என்ஜினை வச்சே ஃபெராரி 1975, 76, 77, 79-னு நாலு கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் (ஓட்டுநருக்கு இல்லாம டீமுக்குக் குடுக்கறது) வாங்கியிருக்கு. அப்படிப்பட்ட என்ஜின் 1980-க்கு அப்புறம் ஒரேயடியா மறைஞ்சு போச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. ஏன்?

டர்போ (புகையோட வேகத்துல சுத்தி என்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற கருவி) வந்துச்சு, அதான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒட்டலை. ஆல்ஃபா ரோமியோவும் ஃப்ளாட் 12 வச்சிருந்தது, 1979-லயே அதைத் தூக்கிப் போட்டுட்டு வி12-க்கு, அதாவது ரெண்டு வரிசையும் V எழுத்து மாதிரி நிமிந்து நிக்கிற என்ஜினுக்கு, போயிருச்சு. அந்த வி12-ல டர்போ கிடையாது. அப்ப வேற ஏதோ நடந்திருக்கணும்ல?

விக்கிப்பீடியாவை வெட்டி ஒட்டாம, என்ஜினைக் கையால தொட்டவங்க யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

ரேஸ்_ராசு:

டர்போதான் தம்பி. 1979-ல டிஜோன்ல ரெனோ ஜெயிச்ச அன்னிக்கே மத்த எல்லா என்ஜினுக்கும் சங்கு ஊதியாச்சு. ஃபெராரி 1981-ல வி6 டர்போ போட்டது. ஃப்ளாட் 12 போச்சு. இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

பட்டறைக்காரர்_கோவை:

ராசு, 1981-ல டர்போ வந்தது வாஸ்தவம். ஆனா அந்த என்ஜினுக்கு அதுக்கு முன்னாடியே நாள் குறிச்சாச்சு. பாண்டி மோப்பம் பிடிச்சது சரியான இடத்துல.

நான் கிராங்க் கிரைண்டிங், ரீபோரிங் பட்டறை நடத்துனவன். இப்ப பையன் பாத்துக்கறான், நான் டீ வாங்கிக் குடுத்துட்டுக் குறை சொல்லிட்டு உக்காந்திருக்கேன். அதனால எனக்குத் தெரிஞ்ச பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கறேன், காத்து சமாச்சாரத்தை அது படிச்சவங்க யாராவது சொல்லட்டும்.

மூணு லிட்டர் என்ஜின். போர், அதாவது சிலிண்டர் அகலம், 78.5 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போற தூரம், 51.5. பிஸ்டனோட அகலத்துல மூணுல ரெண்டு பங்கு தூரம்தான் அது போயிட்டு வருது. அதனாலதான் 1970-லயே நிமிஷத்துக்கு 12,000 சுத்து கிட்ட போய் 450 குதிரைசக்திக்கு மேல குடுத்துச்சு. பண்ணுனவர் மவுரோ ஃபோர்கியேரி, மோடெனாக்காரர்.

இப்ப கிராங்குக்கு வாங்க, பிஸ்டன் போயிட்டு வர்றதைச் சுத்தலா மாத்துற தண்டு அது. எதிரெதிரா இருக்குற ரெண்டு பிஸ்டனுக்கும் கிராங்க்ல மாட்டுற இடம், அதான் கிராங்க் பின், ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு வெளிய போறப்ப எதிர்ல இருக்கறது உள்ள வரும். பிஎம்டபிள்யூ பைக்குல ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா வெளிய போய் ஒண்ணா உள்ள வரும், பாத்திருப்பீங்க, அது வேற அமைப்பு. பின்னைப் பங்கு போட்டதால 12 சிலிண்டருக்கு ஆறு பின்னு போதும், கிராங்க் நீளம் குறைஞ்சுடும். அடுத்ததா அந்த மனுசன் செஞ்சதைக் கேட்டா எங்க பட்டறைப் பசங்க சிரிப்பானுங்க. இந்தக் கிராங்கைத் தாங்க நாலே நாலு மெயின் பேரிங்! சாதாரண நாலு சிலிண்டர் டீசல் வண்டியிலயே அஞ்சு இருக்கும். 12 சிலிண்டருக்கு வழக்கமா ஏழு போடுவாங்க. பேரிங் குறைஞ்சா உராய்வு குறையும், உராய்வு குறைஞ்சா அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகும். கணக்கு அவ்வளவுதான். ஆனா நடுவுல பிடிமானம் இல்லாத கிராங்க் வேகத்துல முறுக்கிக்கும். கிரைண்டிங் மிஷின்ல ஸ்டெடி (நடுவுல தாங்குற முட்டு) வைக்காம நீளக் கிராங்கைச் சுத்த விட்டவனுக்குத் தெரியும் அது என்ன ஆட்டம் ஆடும்னு.

அதே மாதிரி ஆரம்பத்துல உடைஞ்சுட்டே இருந்துச்சு. 1969-ல சோதனை ஓட்டத்துல என்ஜின் போறதைப் பாத்துப் பாத்து அலுத்துப் போய், கிறிஸ் ஏமன்னு நியூசிலாந்து ஓட்டுநர், அபாரமான ஆளு, இது தேறாதுன்னு ஃபெராரியை விட்டே போயிட்டாரு. மறு வருசம் அதே என்ஜின் 312பி கார்ல நாலு கிராண்ட்பிரீ ஜெயிச்சுது. ஜாக்கி இக்ஸ் மூணு, மோன்ஸால கிளே ரெகஸோனி ஒண்ணு. ஏமன் கடைசி வரைக்கும் ஒரு சாம்பியன்ஷிப் ரேஸ் கூட ஜெயிக்கலை. அந்தாளோட ஜாதகம் அப்படி.

பாண்டி, எடை கீழ இருக்கும்னு சொன்னீங்க, சரி. படுக்க வச்சதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. அப்பதான் எஃப்1-ல பின்பக்க விங், காரைத் தரையோட அமுக்குற இறக்கை, வந்த புதுசு. என்ஜின் தாழ்வா இருந்தா, அதுக்கு மேல போற காத்து தடையில்லாம நேரா விங்குக்குப் போகும். மேல போற காத்துக்காகப் படுக்க வச்சாங்க. கீழ போற காத்து வந்து கவுத்துருச்சு.

1970-லேருந்து 1979 வரைக்கும் 37 ரேஸ் ஜெயிச்ச என்ஜின். நிக்கி லாடாவுக்கு ரெண்டு பட்டம், ஜோடி ஷெக்டருக்கு ஒண்ணு. சும்மா இல்லை.

கார்த்திகா_சிஎஃப்டி:

காத்து சமாச்சாரம் நான் சொல்றேன். பெங்களூருல கார் காற்றோட்டக் கணிப்புதான் என் வேலை, பந்தயக் கார் இல்லை, சாதாரணக் கார்.

1977-ல லோட்டஸ் டீம் இறக்குன லோட்டஸ் 78 கார், அடுத்த வருஷம் லோட்டஸ் 79. காரோட ரெண்டு பக்கவாட்டுப் பெட்டிகளுக்கு அடியிலயும் தலைகீழ் விமான இறக்கை வடிவத்துல சுரங்கம் மாதிரி ஒரு வழி விட்டாங்க. ஓரத்துல தரையை உரசுற பாவாடை மாதிரி தடுப்பு, அதனால வெளிக்காற்று உள்ள புகாது. முன்னால நுழையுற காற்று குறுகலான இடத்துல வேகம் எடுக்கும், அங்க அழுத்தம் குறையும், கார் தரையோட ஒட்டும். இது எல்லாரும் சொல்ற பாதி. மீதிப் பாதிதான் இந்தக் கேள்விக்குப் பதில். வேகம் எடுத்த காற்று பின்னால போகப் போக, அந்த வழி மெதுவா உயரமாகணும். அப்பதான் காற்று அடங்கி வெளிய போகும். அந்த ஏற்றம் சரியா அமையலைன்னா முன்னால கிடைச்ச உறிஞ்சலும் கிடைக்காது.

அந்த ஏற்றம் வர்ற இடம் எது? என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடதும் வலதும். மத்த டீம்ல பெரும்பாலானவங்க வச்சிருந்த காஸ்வர்த் டிஎஃப்வி ஒரு 90 டிகிரி வி8. அடிப்பாகம் ஒல்லி, சிலிண்டர் ஹெட் எல்லாம் மேல. ரெண்டு பக்கமும் கீழ தாராளமா இடம். ஃப்ளாட் 12-ல சிலிண்டர் ஹெட், அதுக்குக் கீழ சைலன்சர் குழாய்கள், எல்லாம் சரியா அந்த உயரத்துல, அந்த இடத்துல. வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்ட கதைதான். என்ஜினைத் தூக்கி வைக்கலாமேன்னு கேட்பீங்க. தூக்கினா எடை மேல போகும், பின்ன எதுக்கு ஃப்ளாட்?

அப்புறம் 1979-ல எப்படி ஃபெராரி பட்டம் வாங்குச்சுன்னு கேள்வி வரும். 312டி4-கிட்ட சக்தி இருந்தது, பாதியில நிக்காம ஓடுற குணம் இருந்தது, மிஷ்லேன் ரேடியல் டயர் இருந்தது. எதிர்ல லோட்டஸ் 80 சொதப்பிருச்சு. வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ07 சீசன் நடுவுலதான் பழுத்தது. அது சில்வர்ஸ்டோன்ல முதல் தடவை ஜெயிச்சதுலேருந்து கணக்குப் பண்ணா, மிச்சமிருந்த ஏழு ரேஸ்ல அஞ்சு வில்லியம்ஸுக்குத்தான். ஃபெராரிக்குக் கிடைச்ச ரெண்டுல ஒண்ணு மோன்ஸா, முழுக்க நேர் ரோடு. இன்னொண்ணு மழையில வாட்கின்ஸ் கிளென், அது ஃபெராரி ஓட்டுநர் வில்னுவோட கைவண்ணம்.

அடுத்த வருஷம் 312டி5. வருஷம் பூரா 8 புள்ளி. கன்ஸ்ட்ரக்டர்ஸ்ல பத்தாவது இடம். நடப்பு உலக சாம்பியன் ஷெக்டர் மான்ட்ரியால்ல தகுதிச் சுற்றே தாண்டலை. எனக்கு எஃப்1 வரலாற்றுல இதைவிட வேகமான வீழ்ச்சி ஞாபகம் வரலை.

மதுரை_பாண்டி:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் கும்பிடு. இப்பதான் வெளிச்சம் வருது. டி5-ஐப் பின்னாலேருந்து எடுத்த ஒரு ஃபோட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன், அக்கா சொன்ன மாதிரியே அடியில இடமே இல்லை.

ஆல்ஃபா ரோமியோ கதை என்ன? ஃபெராரியைப் பாத்துக் காப்பி அடிச்சாங்களா? பிராபம் டீமோட ஃபேன் கார்ல இருந்தது அந்த என்ஜின்தானே?

பட்டறைக்காரர்_கோவை:

காப்பின்னு சொன்னா கார்லோ கீத்தி சமாதியிலேருந்து எந்திரிச்சு வந்துருவாரு கண்ணு.

கீத்தி பிஸ்டோயாக்காரர், படிச்சது பீசால. குண்டான ஆளு. ஃபெராரியோட தொழில்நுட்பத் தலைவரா இருந்து, சுறா மூக்கு 156 காரைப் பண்ணி, 1961-ல ஃபில் ஹில்லுக்குப் பட்டம் வாங்கிக் குடுத்தவர். அந்த வருசக் கடைசியில என்ஸோ ஃபெராரியோட சண்டை. பெரிய தலைங்க ஒரு கூட்டமே ஒண்ணா வெளிய போச்சு, கீத்தியும் போனாரு. காலியான நாற்காலியில என்ஸோ யாரைத் தூக்கி உக்கார வச்சாருன்னு நினைக்கறீங்க? 26 வயசு ஃபோர்கியேரியை. இவர் போனதாலதான் அவர் வந்தாரு. அப்புறம் ரெண்டு பேரும் தனித்தனியா ஃப்ளாட் 12 பண்ணி மோதுனாங்க.

வெளிய போனவங்க போலோஞா பக்கத்துல ஏடிஎஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 1963-ல எஃப்1-க்கு வந்தாங்க. ஃபில் ஹில்லே ஓட்டுனாரு. படுதோல்வி, அதைப் பேச வேண்டாம். கீத்தி அங்கிருந்து ஆல்ஃபாவோட ரேஸ் பிரிவான ஆட்டோடெல்டாவுக்குப் போனாரு. அந்தப் பட்டறை வளாகத்துல தெருநாய்களைச் சேர்த்து வச்சுச் சோறு போடுவாராம். இதுக்காகவே எனக்கு அந்த மனுசனைப் பிடிக்கும்.

அவரோட ஃப்ளாட் 12-உம் மூணு லிட்டர்தான், 500 குதிரைசக்திக்குப் பக்கம். முதல்ல ஸ்போர்ட்ஸ் காருக்கு. அந்த என்ஜினோட டிப்போ 33 கார் 1975-ல உலகப் பட்டம் வாங்குச்சு, 1977-ல அந்தப் போட்டியில நடந்த எட்டு ரேஸையும் ஜெயிச்சுது. 1977-ல பெரிய எதிராளி இல்லைங்கறதையும் சொல்லிடணும்.

எஃப்1-ல பிராபம் ஓனர் பெர்னி எக்கிள்ஸ்டோன். ஆல்ஃபா என்ஜினைச் சும்மா குடுக்குதுன்னா விடுவாரா? 1976-லேருந்து போட்டாச்சு. சக்தி இருந்துச்சு, கூடவே கனமும் தாகமும். பெட்ரோல் நிறைய ஊத்திக்கிட்டுத்தான் ரேஸே தொடங்கணும். கார் வடிவமைச்ச கோர்டன் மரே தலையில கை வச்சாரு.

அப்பதான் லோட்டஸ் 79 வருது. 1978 பெல்ஜியத்துல இறங்குன முதல் ரேஸ்லயே ஜெயிக்குது. மத்த எல்லாரும் அதைப் பாத்து வரைய உக்காந்தாச்சு, மரேவால முடியலை. ஏன்னு கார்த்திகா சொல்லிட்டாங்க, அவர் கார்ல கீழ ஆல்ஃபா என்ஜின் படுத்துக் கிடக்குது. சுரங்கம் விட இடம் இல்லை. சரி, காத்தைத் தானா வேகமா ஓட வைக்க வழியில்லைன்னா உறிஞ்சி எடுத்துடுவோம்னு யோசிச்சாரு. பின்னால ஒரு பெரிய ஃபேன், கியர்பாக்ஸ்லேருந்து ஓட்டம், அடியில சுத்தியும் பாவாடை. அதுதான் பிடி46பி. அசையும் காற்றுச் சாதனம் விதிப்படி தப்பு. அதைச் சமாளிக்க என்ஜின் மேல ரேடியேட்டரைப் படுக்கையா வச்சு, ஐயா இது குளிர வைக்கிற ஃபேனுங்கன்னு வாதாடுனாங்க.

1978 ஜூன் 17, ஸ்வீடன், ஆன்டர்ஸ்டார்ப். ஃபேனை யாரும் பாக்கக்கூடாதுன்னு நிறுத்தி வைக்கிறப்ப குப்பைத்தொட்டி மூடியை எடுத்து மூடி வச்சாங்க, ஃபோட்டோ இருக்கு, தேடிப் பாருங்க. தகுதிச் சுற்றுல வேகத்தை மறைக்க டேங்க் நிறையப் பெட்ரோல். ஆனா ஒண்ணை மறைக்க முடியலை. நின்ன இடத்துல ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்குனா போதும், கார் அப்படியே தரையில உக்காரும். பக்கத்துல நின்னவங்க அதைப் பாத்துட்டாங்க. ரேஸ்ல டிராக்குல ஆயில் கொட்டி மத்தவங்க தடுமாறுறப்ப, அப்ப பிராபத்துக்கு வந்திருந்த லாடா மட்டும் எண்ணெய்னு ஒண்ணு இருக்குறதே தெரியாத மாதிரி போனாரு. அரை நிமிஷத்துக்கு மேல முன்னால வந்து ஜெயிச்சாரு. கலாட்டா ஆச்சு, கார் அதோட வீட்டுக்குப் போச்சு. மறுபடி இறங்கலை.

ஃபேன் கார்ன்னா எல்லாரும் மரேயோட மூளையைப் பாராட்டறாங்க. பாராட்டட்டும். ஆனா அந்த என்ஜின் மட்டும் ஒல்லியா இருந்திருந்தா அந்த ஃபேனே பிறந்திருக்காது. கீத்தியோட என்ஜின் ஒரு அடைப்பு, அதைச் சுத்திக்கிட்டுப் போக மரே போட்ட வழி அது.

அப்புறம் மரே கீத்திகிட்டயே போய், எனக்கு ஒல்லியா ஒரு என்ஜின் வேணும்னாரு. கீத்தி சில மாசத்துல 60 டிகிரி வி12 ஒண்ணு பண்ணிக் குடுத்தாரு. பாண்டி கேட்ட 1979 வி12 அதுதான். சில மாசம்! கிராங்க்கேஸ் வார்ப்புலேருந்து எல்லாம் புதுசு. நம்ம ஊர்ல ஒரு பேட்டர்ன் வந்து சேரவே அவ்வளவு நாள் ஆகும். ஆனா அவசரத்துல பண்ணுன என்ஜின் அவசர என்ஜினாத்தான் இருந்துச்சு, ஒரு ரேஸ் கூட ஜெயிக்கலை. அந்த சீசன் முடியறதுக்குள்ளயே பிராபம் காஸ்வர்த்துக்குத் தாவிருச்சு. காஸ்வர்த் போட்ட முதல் ரேஸ் மான்ட்ரியால். அந்த வாரப் பயிற்சியிலயே லாடா காரை விட்டு இறங்கி, போதும்னுட்டுப் போயிட்டாரு.

ரேஸ்_ராசு:

சரி, காத்துதான்னு ஒத்துக்கறேன். ஆனா "ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை"ன்னு பாண்டி சொன்னது தப்பு. 1990-ல சுபாரு எஃப்1-க்கு ஃப்ளாட் 12 கொண்டு வந்துச்சு. அது ஜப்பான் என்ஜின், இத்தாலிக்காரங்களோட முடியலை கதை.

பட்டறைக்காரர்_கோவை:

ராசு, உங்களுக்கு ஒரு டீ சொல்லணும். நல்ல இடத்துல எடுத்துக் குடுத்தீங்க. வால்வு கவர்ல சுபாருன்னு எழுதியிருக்கும். உள்ள இருக்குறது நோவாரா சரக்கு.

கீத்தி 1984-ல ஆல்ஃபாவை விட்டுட்டு, மோட்டோரி மாடர்னின்னு சொந்தமா ஒரு என்ஜின் கம்பெனி ஆரம்பிச்சாரு, நோவாரா ஊர்ல. ஃபாயென்ஸாவுல இருந்த மினார்டி டீமுக்கு வி6 டர்போ பண்ணிக் குடுத்தாரு. காசு இல்லாத டீமுக்குக் காசு இல்லாத என்ஜின். அடுத்து டர்போவைத் தடை பண்ணி 3.5 லிட்டர் விதி வந்தப்ப, சுபாரு அவரைத் தேடி வந்துச்சு. சுபாருவோட ரோட்டுக் காருங்க எல்லாம் படுக்கை என்ஜின், அதனால ரேஸ் என்ஜினும் படுத்தே இருக்கணும்னு அவங்க ஆசை. விளம்பரத்துக்கு வேணும்ல.

கீத்திக்கா தெரியாது? பத்து வருசம் முன்னாடி இதே காரணத்துக்காக ஃப்ளாட் 12-ஐ ஓரங்கட்டிட்டு வி12 பண்ணிக் குடுத்த ஆளு. அடியில சமதளம் வச்சே ஆகணும்னு 1983-லயே விதி வந்துட்டாலும், பின்பக்கம் டிஃப்யூசர் (அடியில வர்ற காத்தை அடக்கி வெளிய விடுற ஏற்றம்) இருந்துச்சு, அதுக்கும் அதே இடம்தான் வேணும். தெரிஞ்சேதான் பண்ணுனாரு. கம்பெனி ஓடணும், காசு குடுக்கறவன் கேக்கறதைப் பண்ணணும். பட்டறை வச்சிருந்த எவனும் இதுக்கு அவரைத் திட்ட மாட்டான். கஸ்டமர் கேட்டான்னு நான் போட்டுக் குடுத்த கண்றாவியெல்லாம் இங்க எழுத முடியாது.

என்ஜின் போனது கொலோனி டீமுக்கு, பெரூஜா பக்கத்துல இருந்த குட்டி டீம். கனமான கார், சக்தியில ஹோண்டாவுக்கும் ஃபெராரிக்கும் ரொம்பப் பின்னால. அந்தக் காலத்துல டீம்கள் அதிகம்கறதால வெள்ளிக்கிழமை காலங்காத்தால ஒரு மணி நேரம் முன்தகுதிச் சுற்று வைப்பாங்க, அதுல முதல் நாலு காருக்குத்தான் மேற்கொண்டு அனுமதி. பெர்ட்ராண்ட் கஷோ முதல் எட்டு ரேஸுக்கும் போனாரு, எட்டுலயும் அந்த ஒரு மணி நேரத்தோட மூட்டை கட்டியாச்சு. சுபாரு கைகழுவிருச்சு. மீதி சீசனுக்கு கொலோனி காஸ்வர்த் போட்டுக்கிச்சு.

இதுல என்னைக் கடிக்கிற விசயம் வேற. அதே 1990-ல ஃபோர்கியேரி என்ன பண்ணிட்டிருந்தாரு? ஃபெராரியை விட்டு வெளிய வந்து, லம்போர்கினிக்கு ஒரு 3.5 லிட்டர் என்ஜின் பண்ணியிருந்தாரு. ஃப்ளாட் 12-ஆல உலகப் புகழ் வாங்குன மனுசன், பேப்பரை வெள்ளையா குடுத்ததும் வரைஞ்சது 80 டிகிரி வி12. 1980 டி5 அவமானம் அவருக்கு மறந்திருக்காது. அந்த வி12 போட்ட லரூஸ் டீம் கார்ல அகுரி சுசுகி, சொந்த நாட்டு சுசுகா டிராக்குல மூணாவது வந்தாரு. 1961-ல ஒரே நாற்காலியில மாறி உக்காந்த ரெண்டு பேரு. ஒருத்தரோட என்ஜின் மேடை ஏறுது, இன்னொருத்தரோடது வெள்ளிக்கிழமை காலையைத் தாண்டலை. கீத்தி 1994-ல போயிட்டாரு. ஃபோர்கியேரி 2022 வரைக்கும் இருந்தாரு.

கார்த்திகா_சிஎஃப்டி:

ஐயா சொன்னதுல ஒண்ணு சேர்க்கலாம். எஃப்1 சாம்பியன்ஷிப்புக்கு வந்த ஃப்ளாட் 12 எல்லாமே இத்தாலியில செஞ்சதுதான். 1964-65-ல ஃபெராரி 1512, அது ஒன்றரை லிட்டர். அப்புறம் 312பி வழி, ஆல்ஃபா, கடைசியா சுபாரு ஸ்டிக்கர் ஒட்டினது. நடுவுல போலோஞாவுல டெக்னோன்னு ஒரு கம்பெனி. கோ-கார்ட் செஞ்சு பெரிசான பெடர்ஸானி சகோதரர்கள், மார்ட்டினி மதுக் கம்பெனி பணத்துல 1972-ல சொந்தமா ஒரு ஃப்ளாட் 12 செஞ்சு எஃப்1-க்கே வந்துட்டாங்க. அவங்க வாங்கினது மொத்தம் ஒரே ஒரு புள்ளி, 1973 பெல்ஜியத்துல ஆறாவது இடம். ஓட்டினவர் யாருன்னு ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

பட்டறைக்காரர்_கோவை:

கிறிஸ் ஏமன்! அந்த ஜாதகத்தைத்தான் சொன்னேன். ஜெயிக்கப் போற ஃப்ளாட் 12-ஐ உதறிட்டு வந்து, ஜெயிக்கவே முடியாத ஃப்ளாட் 12-ல போய் உக்காந்தாரு.

அந்த ஊர்க்காரங்களுக்கு இந்த ஆசை போருக்கு முன்னாடியே உண்டு. ஆல்ஃபாவுல ரிக்கார்ட்னு ஒரு ஸ்பெயின் எஞ்சினியர் 1940-ல ஒன்றரை லிட்டர் ஃப்ளாட் 12 போட்டு 512-னு ஒரு கார் பண்ணுனாரு. போர் வந்துச்சு, ரேஸுக்கே போகலை. என்ஜினை முதல்ல பண்ணு, அதுக்கு ஏத்த மாதிரி காரைக் கட்டிக்கலாம்ங்கறது அவங்க வழி. இங்கிலாந்துக்காரன் கடையில காஸ்வர்த்தை வாங்கிட்டு மீதி நேரம் பூரா காரை யோசிச்சான். என்ஸோ அவங்களை கராஜிஸ்தின்னு, மெக்கானிக் ஷெட்டு ஆளுங்கன்னு, நக்கல் அடிப்பாரு. ஷெட்டு ஆளுங்கதான் கீழ போற காத்தைக் கண்டுபிடிச்சாங்க. நானும் ஷெட்டு ஆளுதான், ஆனாலும் மனசு இத்தாலிக்காரன் பக்கம்தான் போகுது, என்ன பண்ண.

மதுரை_பாண்டி:

இந்த ஒரு இழையில இவ்வளவு கிடைக்கும்னு எதிர்பார்க்கலை. ஒரே ஒரு கடைசிக் கேள்வி. போர்ஷே 917-உம் ஃப்ளாட் 12 தானே? அது இத்தாலி இல்லையே?

பட்டறைக்காரர்_கோவை:

917 ஜெர்மனி, ஹான்ஸ் மெட்ஸ்கர் கைவேலை. அது லெ மான் ஸ்போர்ட்ஸ் கார் என்ஜின், எஃப்1-க்கு வரலை, அதனால கார்த்திகா சொன்ன கணக்கு சரி. காத்துல குளிர்ற என்ஜின், மேல ஒரு பெரிய ஃபேன் படுத்துச் சுத்திட்டிருக்கும். கிராங்க் நீளம்கறதால முறுக்கல் வரக்கூடாதுன்னு சக்தியை ஓரத்துலேருந்து எடுக்காம நடுவுல பல்சக்கரம் வச்சு எடுத்தாங்க. மெயின் பேரிங் எட்டு. ஃபோர்கியேரி நாலுல முடிச்ச வேலைக்கு எட்டு! அதுக்குத் தனி இழை தொடங்குங்க தம்பி, பையன் லேத்தை அணைச்சதும் வர்றேன்.